அந்தோனி சந்தியோகுவும் சந்தியோகு அந்தோனியும்

1. திங்கட்கிழமைக் கடிதம்

கொழும்பிலுள்ள உதைபந்தாட்ட லீக் அலுவலகத்தின் கடிதம் ஒரு திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் வந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் செய்திக்காக, இரண்டாம் தரம் எழுத்துப் பிழைக்காக. இரண்டு வாசிப்பும் வீண்போகவில்லை.

செய்தி இதுதான். சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று வென்ற ஆட்டத்தில், தடை விதிக்கப்பட்ட ஆட்டக்காரர் ஒருவரை இறக்கியிருக்கிறோம். ஆகவே வெற்றி ரத்து. எதிரணிக்கு மூன்று கோலும் மூன்று புள்ளியும். மறுப்பு இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தரவும்.

பருவத்தில் இன்னும் ஒரே ஓர் ஆட்டம்தான் மிச்சம் இருந்தது. அந்த மூன்று புள்ளி கையில் இருந்தால், கடைசி ஆட்டத்தில் சமநிலை எடுத்தாலே தேசிய லீக்கில் நிற்போம். இல்லையென்றால் வென்றாலும் கீழே போவோம். கீழே போவதென்றால் மறுபடி மாவட்டச் சுற்று, மறுபடி புழுதி, மறுபடி பழைய பஸ். மேலே ஏற எங்கள் கழகத்துக்கு எத்தனை வருடம் எடுத்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் தலைவர் அழுவார்.

தலைவர் ஒரு சம்மாட்டி. பத்துப் படகும் ஒரு ஐஸ் தொழிற்சாலையும் வைத்திருப்பவர். என்னைக் கழகத்துக்குள் இழுத்துவிட்டவரும் அவர்தான். நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் முப்பது வருடம் இருந்து, தலைமை இலிகிதராக ஓய்வுபெற்றவள். ஓய்வு பெற்ற மறு மாதமே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், பந்து அடிக்க எங்கட பொடியளுக்குத் தெரியும். படிவம் நிரப்பத்தான் ஒருத்தனுக்கும் தெரியாது. நீங்கள் வந்து செயலாளரா இருங்கோ."

"எனக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது."

"அது நல்லது. தெரிஞ்சவை எல்லாரும் கோச்சருக்குப் புத்தி சொல்லினம்."

அப்படித்தான் போனேன். விளையாட்டுக் கழகங்களில் இனிமேல் செயலாளராகப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். பந்தைப் பற்றி இதில் அதிகம் இராது.

2. படிவத்தில் இரண்டு கட்டம்

பருவத் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களைப் பதிய வேண்டும். லீக்கின் பதிவுப் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் உண்டு. ஒன்று சொந்தப் பெயர், மற்றது குடும்பப்பெயர். குடும்பப்பெயர் உள்ள குரூஸ், பீரிஸ் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. மற்றவர்களுக்குத் தகப்பன் பெயரைத்தான் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும். நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் அணியில் இரண்டு சகோதரர் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் பின்வரிசையில் நிற்கும் ஆறடிக்காரன், நாலாம் நம்பர். ஊரில் அவனுக்கு நெட்டை என்று பெயர். மற்றவன் முன்வரிசையில் கோல் அடிக்கும் குள்ளன், ஒன்பதாம் நம்பர். அவனுக்குக் கட்டை என்று பெயர். கொம்பியூட்டருக்கு நெட்டை, கட்டை தெரியாது. அதற்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பெயர்தான் வேண்டும்.

இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக் கொடுத்தவள் நானே. கதை எனக்கு அப்போதே தெரியும். அந்தோனி, சந்தியோகு என்று அண்ணன் தம்பி இருவர். ஒரே படகில் தொழில். ஒருவருக்கொருவர் உயிர். அண்ணன் அந்தோனி தன் மகன் நெட்டைக்குத் தம்பியின் பெயரை வைத்தார். தம்பி சந்தியோகு தன் மகன் கட்டைக்கு அண்ணனின் பெயரை வைத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் எழுதினால், நெட்டை அந்தோனி சந்தியோகு. கட்டை சந்தியோகு அந்தோனி. பெயர் வைத்த நாளில் யாரும் தேசிய லீக்கைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

பிறகு கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில் அண்ணன் அந்தோனி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த மரணத்தைப் பதிந்தவளும் நான்தான்.

லீக்கின் கொம்பியூட்டர் சொந்தப் பெயரை முன்னாலும் குடும்பப்பெயரைப் பின்னாலும் அச்சடிக்கும். ஆகவே எங்கள் அந்தோனி சந்தியோகு, அதாவது நெட்டை, லீக்கின் பட்டியலில் சந்தியோகு அந்தோனி ஆகிவிட்டான். ஊரில் அது கட்டையின் பெயர். கட்டை அங்கே அந்தோனி சந்தியோகு ஆனான். ஊரில் அது நெட்டையின் பெயர். பட்டியல் வந்தவுடனே எனக்கு விளங்கியது, இது ஒரு நாள் வெடிக்கும் என்று.

உடனே கடிதம் எழுதினேன். இன்னார் நாலாம் நம்பர், இன்னார் ஒன்பதாம் நம்பர், இருவரும் வெவ்வேறு ஆட்கள், ஆகவே எல்லாக் கடிதங்களிலும் பெயரோடு நம்பரையும் குறிப்பிடவும் என்று. இருவரின் அடையாள அட்டைப் பிரதியும் இணைத்தேன். கடிதத்தில் பிழை இல்லை. அனுப்பிய விதத்தில்தான் பிழை.

முப்பது வருடம் எல்லாருக்கும் நான் சொன்ன வார்த்தை, "பதிவுத் தபாலில் போடுங்கோ, பற்றுச்சீட்டுத் துண்டைப் பத்திரமா வையுங்கோ." அன்று எனக்கு அவசரம். சம்மாட்டியின் மீன் லொறி பின்னேரம் கொழும்புக்குப் புறப்பட்டது. விடியற்காலை லீக் கந்தோரைத் தாண்டித்தான் மீன் சந்தைக்குப் போகும். கடிதத்தைச் சாரதியிடம் கொடுத்தேன். மன்னாரில் எல்லாம் அப்படித்தான் போகும். மருந்து, கலியாண அழைப்பு, கோயில் வேட்டி, எல்லாம் மீன் லொறியில்தான். கையொப்பம் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

பதில் வரவில்லை. அரச சேவையில் பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துப் பழகிவிட்டேன்.

3. நாலு மஞ்சள் அட்டை

பருவம் முடியும் தறுவாயில் நெட்டை நாலாவது மஞ்சள் அட்டையை வாங்கினான். நாலு வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் இறங்கக் கூடாது. தடைக் கடிதம் வந்தது. அதில் நம்பர் இல்லை. பெயர் மட்டும்: சந்தியோகு அந்தோனி.

கோச்சர் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்ன மிஸ் இது? அட்டை வாங்கினது நெட்டை. கடிதம் கட்டைக்கு வந்திருக்கு."

"கொம்பியூட்டர் பாஷையில் இது நெட்டைதான். பயப்படாதேங்கோ."

"இரண்டு பேரையும் நிப்பாட்டி விடுவமோ?"

"செய்யாத குற்றத்துக்கு ஒருத்தனை எதற்கு நிப்பாட்டுறது? அட்டை வாங்கினவன் வெளியே. மற்றவன் உள்ளே."

அந்தச் சனிக்கிழமை நெட்டை வெளியே இருந்து ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எறிந்தான். கட்டை இரண்டு கோல் அடித்தான். வென்றோம். ஆனால் ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை எழுதியவள் நான். பேனா பிடித்தவுடன் கை முப்பது வருடப் பழக்கத்தில் போனது. ஒன்பதாம் நம்பருக்கு நேரே, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதினேன்: சந்தியோகு அந்தோனி.

எதிரணியின் முகாமையாளர் அந்தப் பட்டியலையும் தடைக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து லீக்குக்கு அனுப்பினார். இரண்டிலும் ஒரே பெயர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அனுப்பியிருப்பேன். இன்னும் தெளிவாக, இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று நம்பர் போட்டு அனுப்பியிருப்பேன்.

4. ஒரு பெயரை மாற்றச் சொன்னார்கள்

மேன்முறையீடு போட்டேன். மூன்றாம் நாள் லீக்கின் செயலாளரே தொலைபேசியில் வந்தார். நல்ல ஆங்கிலம், இனிமையான குரல். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மேடம், விசாரணை எதற்கு? நீண்ட வேலை. ஒரு கடிதம் தாருங்கள். எழுத்துப் பிழை உங்கள் கழகத்தினுடையது என்று. அந்த இருவரில் ஒருவர் வேறு குடும்பப்பெயர் எடுத்துப் புதிதாகப் பதியட்டும். புள்ளி விஷயம் அனுதாபத்தோடு பரிசீலிக்கப்படும்."

"நான் முன்பே ஒரு கடிதம் அனுப்பினேனே, இரண்டு நம்பரையும் போட்டு?"

"அப்படியொரு கடிதம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பதிவுத் தபால் துண்டு இருக்கிறதா?"

துண்டு இல்லை. அந்த நிமிடம் நான் தலைமை இலிகிதராக இருந்திருந்தால், எனக்கு நானே விளக்கம் கோரிக் கடிதம் கொடுத்திருப்பேன்.

பின்னேரம் ஐஸ் தொழிற்சாலைக் கந்தோரில் கூடினோம். சம்மாட்டி, கோச்சர், நெட்டை, கட்டை, லொறிச் சாரதி. கட்டையின் தகப்பன் சந்தியோகு வாசலோரம் ஒரு கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

சம்மாட்டிக்கு லீக் செயலாளரின் யோசனை பிடித்துவிட்டது.

"பேரிலை என்ன கிடக்கு மிஸ்? கட்டைக்கு ஒரு குரூஸைப் போட்டு விடுங்கோ. எங்கட சனத்திலை குரூஸுக்குப் பஞ்சமே?"

"அப்ப எங்கட அப்பாவை எங்கை வைக்கிறது முதலாளி?" என்றான் கட்டை. "ஐஸ் அறையிலையோ?"

"டேய், வாயைப் பொத்து. உனக்காகத்தான் கதைக்கிறன்."

நெட்டை எழும்பினான். எழும்பினால் கூரை விசிறியில் தலை முட்டும் என்பதால் குனிந்தபடியே நின்றான். "மாத்திறதெண்டா என்ரையை மாத்துங்கோ. அவன் கோல் அடிக்கிறவன். அவன்ர பேர் பேப்பரிலை வரும். என்னை ஆர் தேடப் போகினம்?"

வாசலோரம் இருந்த சந்தியோகு அவனைப் பார்த்துச் சொன்னார்.

"உன்ர பேரிலை இருக்கிறது என்ர அண்ணன். அதிலை கை வைச்சியோ, பிறகு வீட்டுப் படி ஏறாதை." பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸ், சவத்தைக்கூடத் திருப்பித் தராத கடல். அவரின்ர பேர் இந்தப் பொடியனிலைதான் கிடக்கு," என்றார்.

நான் பேசினேன்.

"பெயர் மாற்ற என்ன படிவம், எத்தனை பிரதி, எவர் கையொப்பம் என்று எனக்குத் தெரியும். அதை நிரப்பித்தான் சம்பளம் எடுத்தனான். இவர்களுக்கு அதை நிரப்ப மாட்டேன். 'அனுதாபத்தோடு பரிசீலிக்கப்படும்' என்ற வசனத்தை நானே எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியவள். அதற்கு அர்த்தம் 'இல்லை' என்பது."

பிறகு சாரதியைக் கேட்டேன். "தம்பி, அந்தக் கடிதத்தை ஆரிட்டைக் குடுத்தனீர்?"

சாரதி சம்மாட்டியைப் பார்த்தார். சம்மாட்டி மேசையைப் பார்த்தார்.

"பெட்டியோட சேர்த்துத்தான் குடுத்தனான் மிஸ்."

"எந்தப் பெட்டி?"

"முதலாளி ஐஸ் போட்டு அனுப்பின றிஜிபோம் பெட்டி. விளைமீனும் நண்டும். லீக் செயலாளர் ஐயாவுக்கெண்டு. கடிதம் நனையாமல் பொலித்தீனிலை சுத்தி மூடிக்கு உள்பக்கமா ரேப் போட்டு ஒட்டினனான்."

எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. சம்மாட்டி கெஞ்சினார். "ஒரு மரியாதைக்கு அனுப்பினது மிஸ். விசாரணையிலை மீனைப் பற்றிக் கதைச்சுப் போடாதேங்கோ. லஞ்சம் எண்டு சொல்லுவாங்கள்."

"சொல்லட்டும். லஞ்சம் கொடுத்தும் மூன்று புள்ளி இழந்த கழகம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்."

5. உள்வரவுப் பதிவேடு

லீக் கந்தோரில் நடந்த விசாரணைக்கு நான், நெட்டை, கட்டை, சந்தியோகு நால்வரும் போனோம். மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் ஒரு ஓய்வுபெற்ற நீதவான். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். சுவரோரமாக லீக்கின் செயலாளர்.

நீதவான் கோப்பைப் பார்த்துப் பெயரை வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் கூப்பிட்டார். "சந்தியோகு அந்தோனி, முன்னுக்கு வாங்க."

நெட்டையும் கட்டையும் ஒன்றாக எழும்பினார்கள். தன் பெயரும் தமையன் பெயரும் சேர்ந்து காதில் விழ, சந்தியோகுவும் எழும்பிவிட்டார். நான் அவர்களுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டார்கள்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "இதில் யார் தடை செய்யப்பட்டவர்?"

"அதைத்தான் ஐயா லீக்கும் இன்னும் சொல்லவில்லை," என்றேன். "தடைக் கடிதத்தில் நம்பர் இல்லை. ஆட்ட மத்தியஸ்தர்களின் அறிக்கைகளைப் பார்க்கலாம். நாலு அட்டையும் நாலாம் நம்பருக்கு. நாலாம் நம்பர் அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை."

செயலாளர் உடனே எழும்பினார். பெயர்க் குழப்பத்தை முன்கூட்டி அறிவிப்பது கழகத்தின் கடமை என்றும், கழகம் அறிவிக்கவில்லை என்றும் சொன்னார். விதி இலக்கத்தையும் சொன்னார். சரியான விதிதான். நானும் அதை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

"உங்கள் உள்வரவுப் பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு: எந்தக் கந்தோரிலும் வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். வரும் கடிதம், பொதி எல்லாவற்றையும் அதில் பதிவார்கள். மேலே இருப்பவர்கள் அதை மறந்துபோவார்கள். வாசலில் இருக்கும் பிள்ளை மறக்காது. பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். நான் சொன்ன திகதிக்கு நேரே, அழகான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: மன்னார், மீன், ஒரு பெட்டி, செயலாளர் அவர்களுக்கு.

நீதவான் அதை இரண்டு தரம் வாசித்தார். அவரும் என்னைப் போன்றவர்தான்.

"என்ன மீன்?"

செயலாளர் குனிந்து தன் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். ஆகவே நானே சொன்னேன். "விளைமீனும் நண்டும் ஐயா. எங்கள் தலைவர் மரியாதைக்கு அனுப்பியது. விதிப்படி அது பிழை. அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறோம். ஆனால் அந்தப் பெட்டியின் மூடிக்குள் எங்கள் கடிதம் ஒட்டியிருந்தது. மீன் கிடைத்திருந்தால் கடிதமும் கிடைத்திருக்கிறது."

செயலாளரின் காது இரண்டும் சிவந்துபோயின. அவர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவராக இருந்தால் கடிதத்தைக் கிழித்து எறிந்திருப்பார். கந்தோர்க்காரர். ஒரு தாளை எறிய மனம் வராது. எழும்பிப் போய்த் தன் அறையிலிருந்து ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். நன்றிக் கடிதம் என்று நினைத்து வாசிக்காமல் போட்டுவிட்டதாகச் சொன்னார். கோப்பைத் திறந்தபோது முதலில் வந்தது மணம். கடிதத்தின் ஓரம் ஐஸ் தண்ணீரில் சுருங்கி, மூலையில் ஒரு செதில் ஒட்டிக் கிடந்தது. எழுத்து தெளிவாக இருந்தது. நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், இருவரும் வெவ்வேறு ஆட்கள்.

அன்றே தீர்ப்பு. வெற்றி செல்லும், மூன்று புள்ளியும் எங்களுக்கு. மீனுக்காகக் கழகத்துக்கு எழுத்தில் எச்சரிக்கை. குழப்பம் தீர, கடைசி ஆட்டத்திலிருந்து எல்லா ஆட்டக்காரரும் சட்டையின் முதுகில் குடும்பப்பெயர் பொறிக்க வேண்டும்.

கலையும்போது நீதவான் என்னிடம் மெல்லக் கேட்டார். "அடுத்த வருடமாவது ஒருவர் பெயரைக் கொஞ்சம் மாற்றலாமே?"

"உங்கள் படிவத்தைக் கொஞ்சம் மாற்றலாமே ஐயா," என்றேன்.

6. கடைசி ஆட்டம்

கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன். பெனர் அச்சடிக்கிற கடையிலேயே இருந்து சட்டை முதுகுகளைச் சரிபார்த்தேன். குடும்பப்பெயர்க் கட்டத்தில் என்ன பதிந்திருக்கிறதோ அதுதான் முதுகில். நாலாம் நம்பரின் முதுகில் அந்தோனி. ஒன்பதாம் நம்பரின் முதுகில் சந்தியோகு.

கோச்சர் சட்டைகளைத் தூக்கிப் பார்த்தார். "இப்ப இன்னும் குழப்பம் மிஸ்."

"ஓம். ஆனால் இது அவர்களின் குழப்பம். எங்களிடம் கட்டளைப் பிரதி இருக்கு."

ஆட்டம் மன்னாரில். சமநிலை போதும். இடைவேளைக்கு முன்னமே ஒரு கோல் வாங்கிவிட்டோம். இரண்டாம் பாதியில் சோளகக் காற்று எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது, ஆனாலும் பந்து உள்ளே போகவில்லை. சம்மாட்டி கோல் கம்பத்தைப் பார்ப்பதை விட்டுச் செபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் சந்தியோகு. அவர் மைதானத்துக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. தொப்பியைக் கசக்கியபடி இருந்தார்.

லீக்கின் அறிவிப்பாளருக்கு எங்கள் பொடியன்களைத் தெரியாது. முதுகில் எழுதியிருந்ததை ஒலிபெருக்கியில் அப்படியே வாசித்தார். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, நெட்டை எங்கள் கோல் பக்கமிருந்து பந்தைக் காற்றின் மேலே தூக்கி ஏற்றினான்.

"அந்தோனி உயர்த்தி அடிக்கிறார். பந்து போகிறது, போகிறது. சந்தியோகு ஓடுகிறார். அந்தோனி கொடுத்த பந்து, சந்தியோகு எடுத்துவிட்டார். சந்தியோகு... கோல்."

ஒன்றுக்கு ஒன்று. மைதானம் கத்திய கத்தலில் மிச்சம் கேட்கவில்லை. என் பக்கத்தில் இருந்த சந்தியோகு மட்டும் எழும்பாமல் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்."

"சொல்லுங்கோ."

"அண்ணன் குடுத்தவராம். நான் அடிச்சனானாம்."

"லீக்கின் ஆவணப்படி அப்படித்தான்."

"அப்ப சரி," என்று சொல்லித் தொப்பியைப் போட்டு முகம் தெரியாத அளவுக்கு இழுத்துவிட்டார்.

ஆட்டம் அப்படியே முடிந்தது. லீக்கில் நிற்கிறோம்.

படிக்க வேண்டிய பாடம் என்று கேட்டால் மூன்று சொல்வேன். பெயர் எழுதும்போது நம்பரும் எழுதுங்கள். எவ்வளவு அவசரமானாலும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள், மீன் பெட்டியில் ஒட்டாதீர்கள். மூன்றாவது, பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று யாராவது சொன்னால், கட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்துப் படிவம் போன வாரம் வந்தது. அதே இரண்டு கட்டம். கீழே புதிதாக மூன்றாவது ஒன்று: தந்தையின் பெயர். தமிழில் "தநதை" என்று அச்சடித்திருக்கிறார்கள். சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினேன். பதிவுத் தபாலில். துண்டு என்னிடம் இருக்கிறது.